உயிர் இருந்தால்

சாமி பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று மருமகள் ஜெசிந்தா சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இன்னாசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருப்புக் கொள்ளாமல் எங்கே போவது, காலிரண்டும் வீங்கிப் பூசணிக்காயாகக் கிடக்கிறது, கட்டிலைவிட்டு இறங்கினால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மனசுதான் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு வர முடியாத கிழடுகளுக்கெல்லாம் சாமியார் வீடு தேடி வந்து நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கிற நாள். ஜெசிந்தா கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வெள்ளைத்துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை நடுவில் நிறுத்தி, இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று மெழுகுவத்தி வைத்துவிட்டாள். ஒரு வாய் கஞ்சி குடிங்க மாமா, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி குடிச்சாத் தப்பில்லைன்னு இப்பச் சட்டம், சீக்காளிக்கு அதுவும் இல்லை என்று கெஞ்சிப் பார்த்தாள். வேண்டாம் என்றுவிட்டார். கோயில் இறங்கி வந்தாலும் இந்த மனுசன் இறங்கி வரமாட்டாரு என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். காது நல்லாத்தான் கேட்கிறது. கேட்கக்கூடாததெல்லாம் இன்னும் நல்லாக் கேட்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டர் மகனிடம் தாழ்ந்த குரலில் சொன்னதுகூடக் கேட்டது. நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கிட்டு இருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்குங்க. நல்லாப் பாத்துக்குங்க என்றால் என்ன அர்த்தமென்று எண்பத்தொரு வயசுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த முதல் வெள்ளி அவருக்கு வருமோ வராதோ. ஆகையால் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். போன மாசம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்திலும் இப்படித்தான் நினைத்தார். சாமி, வேற ஏதாவது இருக்கா தாத்தா என்று கேட்டபோது, அவ்வளவுதான் சாமி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐம்பத்தாறு வருசமாக அந்த வாய் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான் சாமி. சொல்லாமல் விட்டது மலையளவு ஒன்றுமில்லை. ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தது உபதேசியார். கல்யாணத்துக்கு முன்னால் மந்திரம் படிக்க வரச்சொல்லி, தோல்ஷாப்பு வேலை முடிந்து வந்த பயல்கள் நாலுபேரைக் கோயில் வராந்தாவில் உட்கார வைத்து, பிறந்த பிள்ளை சாகக் கிடந்தால் சாமியாருக்குக் காத்திருக்கக்கூடாது, யாரும் தண்ணீர் ஊற்றலாம், தகப்பனும் ஊற்றலாம், மருத்துவச்சியும் ஊற்றலாம், வேதத்தில் இல்லாதவன்கூட ஊற்றலாம் என்று சொல்லிக்கொடுத்தார். தலையில் தண்ணீர் ஓடவேண்டும், ஓடும்போதே பேரைச் சொல்லி, நான் உன்னைப் பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானப்படுத்துகிறேன் என்று சொல்லவேண்டும். உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் முன்னாடி ஒரு சொல் சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிர் இருந்தால், நான் உன்னை. அப்போது பக்கத்திலிருந்த செங்கோல், எனக்கு மாமியாரா வரப்போறவளுக்கு அந்தச் சொல்லைச் சேத்துத்தான் தண்ணி ஊத்தணும் உபதேசியாரே, தூங்குறாளா போய்ட்டாளான்னு எனக்கே தெரியறதில்ல என்றான். உபதேசியாரே சிரித்துவிட்டார். இன்னாசியும் சிரித்தார். இருபத்துநாலு வயசில் அதில் சிரிக்காமல் என்ன செய்வது, சாவு என்பது அடுத்தவன் மாமியாருக்கு வருகிற சங்கதி. சிரித்ததாலேயே அந்தச் சொல் மனசில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, மறக்கவேண்டியது எதுவும் மறக்காது, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்றால் தெரியாது. கடிகாரம் எட்டே முக்கால் காட்டுகிறது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாலும் எட்டே முக்கால்தான்.

அது ஐப்பசி மழை. மத்தியானம். தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தவரை, உன் பெண்டாட்டிக்கு நேரம் வந்துட்டுது என்று யாரோ கூப்பிட, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்தார். லைன்வீட்டில் ஒற்றை அறை. குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப்பக்கம் சலேத்தம்மா, தலைப்பிரசவம், இந்தப்பக்கம் அவர். மருத்துவச்சி பவுலியம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பழைய வேட்டித்துணி மூட்டையை அவர் கையில் திணித்தாள். நீலம் பாரிச்சுக் கிடக்கு, உசுரு இருக்கான்னு எனக்குத் தெரியல, எனக்குத் தாயைப் பாக்கணும், ரத்தம் நிக்க மாட்டேங்குது, நீயே தண்ணிய ஊத்தீரு. அவ்வளவுதான் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். சலேத்து மயங்கிக் கிடந்தாள், அந்தப்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. செம்பில் தண்ணீர் இருந்தது. இதெல்லாம் தெளிவாக இருக்கிறது, செம்பின் விளிம்பில் இருந்த நசுங்கல்கூட இருக்கிறது. அதற்கப்புறம்தான் ரெண்டாகப் போகிறது. ஒன்றில், அவர் இடதுகையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு, அதன் மூடின கைக்குள் தன் கட்டைவிரலை விட்டுக்கொண்டு, வலதுகையால் தண்ணீரைச் சாய்க்கிறார். அருளப்பா என்கிறார். அந்தப் பேரை அதுவரைக்கும் அவர் நினைத்ததே கிடையாது, எங்கிருந்து வந்ததென்றும் தெரியாது. அருளப்பா, உயிர் இருந்தால், நான் உன்னை. அந்த இருந்தால் வாயிலிருந்து போனது உதட்டுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இன்னொன்றில், தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் சுண்டுவிரல் அசைகிறது. கூம்பியிருந்தது விரிகிறது. வலதுகைச் சுண்டுவிரல். ரெண்டும் இருக்கிறது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாது. விரல் அசைந்ததைப் பார்த்தவன் உயிர் இருந்தால் என்று ஏன் சொல்லப்போகிறான். உயிர் இருந்தால் என்று சொன்னவன் விரல் அசைந்ததைப் பார்த்திருக்க முடியாது. ஒன்று பொய். எது பொய் என்று ஐம்பது வருசத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார்.

பட்டென்று சொல்லியிருப்பார், ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பொய்யைத் தன் வாயால்தான் செய்தார். அடக்கம் செய்யவேண்டும். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது, சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடி முளைத்த பக்கம்தான். அதற்கு முந்தின மாசம் செங்கோலின் பிள்ளையை அங்கேதான் வைத்தார்கள், சிலுவை இல்லை, ஒரு கல்லுமில்லை, மாமியாரை வைத்துச் சிரித்தவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் பேசாமல் நின்றான். தாடி வைத்த பெரிய சாமியார் வாசலுக்கு வந்து கேட்டார். கெட்டவரில்லை, ஆனால் ஒழுங்கு ஒழுங்கு என்று நிற்பவர். தண்ணீர் ஊற்றும்போது பிள்ளைக்கு உயிர் இருந்ததா. நிச்சயமாகத் தெரியுமா. உயிர் இருந்தால் என்று சேர்த்துச் சொன்னாயா, சேர்க்காமல் சொன்னாயா. சேர்த்ததென்றால் சந்தேகம், சந்தேகமென்றால் சுவருக்கு வெளியே. இன்னாசி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அங்கியின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சேக்காமத்தான் சாமி, சுண்டுவிரலு அசைஞ்சுது. சாமியார் சிலுவை போட்டார். மந்திரித்த மண்ணில் இடம் கிடைத்தது. ஒரு முழக்குழி. பெட்டி செய்ய நேரமில்லாமல் தேயிலைப் பெட்டி ஒன்றை வெட்டி ஆணி அடித்தார்கள், பலகையில் தேயிலை வாசனை. அவர் கை முழுக்கத் தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டைக் கறை. சுண்ணாம்பு தின்ற கட்டைவிரலில் உணர்ச்சியே கிடையாது, கத்தி பட்டால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அந்த விரலைத்தான் பிள்ளை கைக்குள் விட்டிருந்தார். அது அசைந்ததென்றால் தன் கை நடுக்கமாகக்கூட இருக்கலாம். இதையும் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாகிவிட்டது. பள்ளத்துக்குள் விழுந்த வண்டிச்சக்கரம் மாதிரி இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்ற இடத்திலேயே சுற்றும்.

சாமியாரிடம் சொன்ன பொய்யோடு நின்றிருந்தால் போயிருக்கும். சலேத்து எழுந்து உட்கார மூன்று நாளாயிற்று. உட்கார்ந்ததும் பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை, யாரோ சொல்லிவிட்டார்கள் போல. தண்ணி ஊத்துனீங்களா என்று கேட்டாள். ஊத்துனேன். உசுரு இருந்துச்சா. இருந்துச்சு சலேத்து, விரலு அசைஞ்சுது. எந்த விரலு. அப்போதுதான் வலதுகைச் சுண்டுவிரல் என்று முடிவானது. அதற்கு முன்னால் வெறும் சுண்டுவிரல்தான். அவள் தன்னுடைய வலதுகைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கஞ்சி கேட்டாள். மூன்று நாளில் முதல் கஞ்சி. எப்படி மாற்றிச் சொல்வது அதற்கப்புறம். வருசா வருசம் ஐப்பசி பிறந்தால் விளக்கு வைத்துச் செபமாலை முடித்த கையோடு கேட்பாள், ஏங்க, சொல்லுங்க. எதை என்று கேட்கமாட்டார். சொல்வார். மழை பெய்தது, செம்பில் தண்ணீர் இருந்தது, நெற்றியில் ஊற்றினேன், விரல் விரிந்தது. பின்னால் பிறந்த அமல்ராஜுக்குப் பல் முளைத்ததையும் அவன் முதலில் நடந்ததையும் அவள் மறந்துபோனாள், பிறந்தன்றே செத்துப்போனவனின் விரல் மட்டும் மறக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது அவனுக்கு. ஒரு படமில்லை, சட்டையில்லை, அழுத சத்தமில்லை. அவன் இந்த உலகத்தில் செய்தது மொத்தம் ஒரு காரியம், விரலை விரித்தது, அதுவும் அவர் கொடுத்தது. சொல்லச் சொல்ல அவருக்கே தெரிய ஆரம்பித்தது. முதலில் சொல்லில் மட்டும் இருந்தது, பிறகு விரலில் நகம் முளைத்தது, நகத்தில் நீலம், நீலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். இருபது முப்பது வருசத்தில் அது உயிர் இருந்தால் என்ற சொல்லைவிடத் தெளிவாகிப்போனது. அவருக்கும் அது வேண்டியிருந்தது. ஷாப்பில் தோல் கழுவும்போது, பஸ்ஸில் உட்காரும்போது, சும்மா இருக்கும்போது கண்ணை மூடினால் அந்த விரல் விரியும். நெஞ்சு இளகும். பொய்யாகச் செய்ததுதான் என்று தெரிந்தும் இளகும்.

ஆனால் பாவம் பாவம்தானே. சாவான பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு நன்மை வாங்கினால் ஒவ்வொரு நன்மையும் ஒவ்வொரு தேவதுரோகம் என்று சின்ன வயசில் படித்தது. ஐம்பத்தாறு வருசத்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்க்கக் கூடாது. முதலில் சொல்லாததற்குக் காரணம் பெரிய சாமியார், யாரிடம் பொய் சொன்னோமோ அவரிடமே போய்ப் பொய் சொன்னேன் என்று எப்படி முழங்கால் போடுவது, பிள்ளையைத் தோண்டி எடுத்துச் சுவருக்கு வெளியே போட்டுவிட்டால் என்ன செய்வது. அவர் மாற்றலாகிப் போனார், செத்தும் போனார், அதற்குள் பழகிவிட்டது. ஷாப்பு மேஸ்திரியைத் திட்டினேன் சாமி, சாராயம் குடிச்சேன் சாமி, அவ்வளவுதான் சாமி. அதைவிடப் பெரிய பயம் இப்போது வேறொன்று. நாலு வருசத்துக்கு முன்னால் சலேத்து இந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள், ஏங்க, அருளப்பன் எனக்கு முன்னாடி வந்து நிப்பான்ல. நிப்பான் என்றார். போய்விட்டாள். போன இடத்தில் தேடியிருப்பாள். உயிரில்லாத தலையில் ஊற்றின தண்ணீர் வெறும் தண்ணீர். பிள்ளை, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகள் போய்ச் சேரும் லிம்போவில் எங்கேயோ இருட்டுமில்லாமல் வெளிச்சமுமில்லாமல் கிடக்க, இவள் வாசல் வாசலாகப் போய் வலதுகைச் சுண்டுவிரலைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். நாளைக்கு இவர் போய் நின்றால் அவள்தான் எதிரே வருவாள். ஏங்க, சொல்லுங்க என்பாள். அப்போது என்ன சொல்வது. அப்போது சொல்வதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும். சொன்னால் அந்த விரல் போய்விடும், அதுவும் தெரியும். பாவத்தை எடுக்கிறவர் அதை மட்டும் தனியாக எடுக்க முடியாது, கூடவே பிள்ளையும் வந்துவிடும்.

ஸ்கூட்டர் சத்தம் வாசலில் நின்றது. ஜெசிந்தா ஓடிப்போய் மெழுகுவத்தியைப் பொருத்தினாள். சின்னச் சாமி கழுத்தில் நற்கருணைப் பையோடு உள்ளே வந்தார், முப்பது வயசிருக்கும், நெற்றியில் ஹெல்மெட் அழுத்தின வடு. எப்படி இருக்கீங்க தாத்தா என்று கேட்டுக்கொண்டே ஊதாப் பட்டையை எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டார். ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். அவள் குழாயடியில் செம்பை வைக்கிற சத்தம் வந்த பிறகுதான் இன்னாசி வாயைத் திறந்தார். மருமகளைக் கடுகடுவென்று பேசினேன் சாமி. செபமாலையில் தூங்கிவிட்டேன் சாமி. சாமியின் காது அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது, சோப்பு வாசனை அடித்தது. வேற ஏதாவது இருக்கா தாத்தா. அவ்வளவுதான் என்பது நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. அதை விழுங்கினார். விழுங்கினதில் மூச்சு முட்டியது. சாமி அவர் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"விரலு அசையல, சாமி."

எந்த விரல் என்று சாமி கேட்டார். இன்னாசி சொன்னார், ஒழுங்காகச் சொன்னாரா முன்னுக்குப்பின் சொன்னாரா தெரியவில்லை, மழை, செம்பு, உயிர் இருந்தால் என்று சேர்த்தது, சேர்க்கவில்லை என்று சொன்னது, சலேத்து கஞ்சி கேட்டது. சொல்லி முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது. சாமி துண்டை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பிறகு மெதுவாக, திருச்சபை இப்பல்லாம் அப்படிச் சொல்றதில்லை தாத்தா என்றார். அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் இரக்கத்துலதான் ஒப்படைக்கிறோம், சுவருக்கு வெளியே உள்ளேன்னு எதுவும் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இன்னாசிக்கு அது நெஞ்சில் இடித்தது. இல்லையா. அப்படியானால் எதற்காகச் சொன்னேன். செங்கோல் எதற்காக அங்கே நின்றான். எதுவும் இல்லாத ஒரு சுவருக்காகவா ஐம்பத்தாறு வருசம். சாமி மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி, கையை நீட்டிப் பாவமன்னிப்பு கொடுத்தார். நன்மை நாக்கில் ஒட்டிக் கரைந்தது. இன்னாசி கண்ணை மூடினார். மழை இருந்தது, செம்பு இருந்தது, நீலம் பாரித்த மூடின கை இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். விரியவில்லை. அவர் நினைத்த மாதிரியேதான் ஆயிற்று. ஒரு பிள்ளை கிடந்தது, அவ்வளவுதான், யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்.

கதவைத் திறந்து ஜெசிந்தா வந்தாள். ஆன்மாக்களின் மாசமில்லையா, பூசையில் வாசிக்கச் செத்தவர்கள் பேரை எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த வீட்டில் யார் யார் என்று சாமி ஒரு நோட்டை விரித்தார். அவள் அத்தை பேரைச் சொன்னாள். அப்புறம் அருளப்பன் என்றாள், அத்தையோட தலைச்சன் பாதர், பிறந்தன்னைக்கே போயிட்டான், மாமாதான் தண்ணி ஊத்துனாங்க. சாமியின் பேனா நின்றது. ஒரு கணம் கட்டிலைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் வாய்விடக்கூடாது, முகத்தில்கூடக் காட்டக்கூடாது. அதற்குமேல் அவர் காட்டவில்லை. அப்படியாம்மா என்று மட்டும் கேட்டார். ஜெசிந்தாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

"ஆமா பாதர், விரலு அசைஞ்சுச்சாம். அது மாமா சொல்றது. அத்தை எங்கிட்ட வேற ஒண்ணு சொல்லுவாங்க. தண்ணி பட்டதும் புள்ள முனகுச்சாம், பூனைக்குட்டி மாதிரி, ஒரே ஒருதடவை. சேலைக்கு அந்தப்பக்கம் படுத்துக் கெடந்து அவங்க காதால கேட்டாங்களாம். மாமாகிட்டச் சொன்னதே இல்லையாம். விரலு அவருக்கு இருக்கட்டும், சத்தம் எனக்குன்னு வச்சுக்கிட்டேன்டிம்பாங்க."

சாமி எழுதினார். அருளப்பன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். ஸ்டூலில் மெழுகுவத்தி உருகி ஒருபக்கமாகச் சாய்ந்தது, ஜெசிந்தா அதை நிமிர்த்தினாள், அடுத்த வீடு யாருது பாதர் என்று பேசிக்கொண்டே வாசல்வரைக்கும் போனாள். இன்னாசி மல்லாந்து கிடந்தார். அவள் மயங்கிக் கிடந்தாளே. மயங்கிக் கிடந்தவளுக்குக் கேட்குமா. கேட்டிருந்தால் உசுரு இருந்துச்சா என்று மூன்றாம் நாள் ஏன் கேட்டாள், வருசா வருசம் ஏன் சொல்லச் சொன்னாள். கேட்கவில்லையென்றால், இவர் சொன்னது பொய்யென்று தெரிந்துகொண்டு, அதற்கு முட்டுக்கொடுக்கத் தானும் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டாளா. யாருக்காக. தனக்காகவா, இந்த மனுசனுக்காகவா. கேட்க ஆளில்லை. பவுலியம்மா இல்லை, சலேத்து இல்லை. ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. இத்தனை வருசமும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாளாவது காதைக் கொடுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளையைப் பார்க்கவில்லை. செம்பைச் சாய்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். லைன்வீட்டு ஓட்டின் மேல் மழை பெரிதாகப் பெய்துகொண்டிருந்தது.